வேலிக்கு வெளியே ஒரு புல்வெட்டி

எந்திரத்தை ஓட்டுவது ஒரு வேலை. அதை ஓட்டாமல் பத்திரமாக வைத்திருப்பது வேறொரு வேலை, இதில் சம்பளத்தோடு கெட்ட பெயரும் தவறாமல் கிடைக்கும். அடுத்தவர் பொருளுக்குக் காவல் இருந்து ஏச்சு வாங்கிய அக்கா தங்கச்சிகளே, நான் சொல்லாமலே உங்களுக்குப் புரியும்.

கம்பி தீர்ந்த இடம்

மலாயாவில் அவசரகாலம் நடந்தபோது புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், இரண்டும் சின்னப் பிள்ளைகள். எனக்குக் காட்டோரத்தில் பால்மரம் வெட்டுகிற வேலை. மரத்துக்கு மரம் போகும்போது பின்னால் சருகு அசைந்தாலும் மாரியாத்தா பெயரைச் சொல்லிக்கொண்டுதான் திரும்பிப் பார்ப்பேன். காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டு ஆட்கள் இருந்த காலம் அது. எனக்கு ஒன்று ஆனால் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

அப்போதுதான் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வேலி ஓரத்தில் லாலான் புல் வளர்ந்தால் ஆள் ஒளிந்து வருவான் என்று, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற டீசல் புல்வெட்டி ஒன்றைத் தோட்டத்துத் துரை லாரியில் வரவழைத்தார். அதற்கு ஒரு கொட்டகை. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றதும் நான் போய்க் கும்பிட்டு நின்றேன். வேலை கிடைத்தது. காட்டோரத்திலிருந்து தப்பித்தேன் என்று அம்மனுக்கு விளக்கு ஏற்றினேன்.

ஆனால் கொட்டகைக்குப் பத்தடி முன்னாலேயே வேலிக் கம்பி தீர்ந்துபோனதாம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக் கோழிகூட வேலிக்குள் தூங்கியது. வேலியைக் காப்பாற்ற வந்த எந்திரம் வேலிக்கு வெளியே நின்றது. இது சரியா என்று கிராணியிடம் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அது இரும்பு, பாக்கியம். அதுக்கென்ன உசிர் பயமா? உனக்கு பயமா இருந்தா சாயங்காலம் நீ உள்ள வந்துடு."

வாசலில் நின்ற சாமி

ஆயுத பூஜை வந்தது. புல்வெட்டியை ஓட்டுகிற வீரையா அண்ணன் வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அதுவரை எனக்கும் சந்தோஷம். அடுத்து ஒரு தட்டில் கற்பூரத்தைக் குவித்து டீசல் தொட்டி மூடிமேல் வைத்துக் கொளுத்தப் போனார். நான் கையைப் பிடித்துவிட்டேன். கொட்டகை எரிந்தால் திரும்பவும் காட்டோரம் நடக்கப்போவது நான்தானே. வாசலுக்கு வெளியே கல்லில் வைத்துக் காட்டுங்கள், அம்மன் அங்கிருந்தே பார்ப்பாள் என்றேன்.

வெள்ளி செவ்வாய் தவறாமல் விரதம் இருக்கிறவள் நான். அன்று முதல் தோட்டம் முழுக்க எனக்கு வேறு பெயர். குழாயடியில் ஒருத்தி என் காது படவே சொன்னாள்: "சாமியையே வாசல்ல நிக்க வச்ச மகராசி வர்றா, வழி விடுங்கடி."

நிரப்பு, இறக்கு

மழை மாதங்களில் மண் சேறாகிவிடும், சக்கரம் புதையும். அதனால் புல் நன்றாக வளர்கிற காலம் பார்த்துப் புல்வெட்டியைச் சும்மா நிறுத்திவிடுவார்கள். எப்படி நிறுத்துவது என்று வீரையா அண்ணன்தான் சொல்லித் தந்தார். கத்தியில் ஒட்டிய புல்லைச் சுரண்டிக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவணும். சக்கரத்துக்கு அடியில் பலகை. பேட்டரியைக் கழற்றணும். தொட்டியில் டீசல் நிறைய இருக்கணும். காலியாக இருந்தால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேரும்.

போலீஸ் காகிதமோ, பொழுது சாய்ந்தபின் வேலிக்கு வெளியே ஒரு சொட்டு டீசலும் ஒரு பேட்டரியும் இருக்கக்கூடாது என்றது. காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போய்விடுமாம். கிராணி இரண்டுக்கும் கீழ்ப்படிந்தார்: காலையில் நிரப்பு, சாயங்காலம் இறக்கு. பேட்டரியும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, அம்மன் படத்துக்குக் கீழே பலகையில் உட்கார்ந்து, விடிந்ததும் கொட்டகைக்குத் திரும்பும். அதன் அமிலம் பட்டு என் நல்ல சேலை சல்லடையானது.

காலையில் வேலியைத் தாண்டும் எல்லோரையும் காட்டுக்கு அரிசி கொண்டுபோகிறார்களா என்று சோதிப்பார்கள். வாசல் காவலுக்கு பாக் மாட் என்ற மலாய்க்காரர். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து நம்மைப் போலவே தமிழ் பேசுவார், நடுவில் மலாய் 'லா' மட்டும் வந்து விழும். நல்ல மனுஷர், ஆனால் கடமை. தினமும் பேட்டரியின் மூடிகளைத் திருகி ஒவ்வொரு ஓட்டையாக எட்டிப் பார்ப்பார். ஒருநாள் மனசு கேட்காமல் அவரே சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க லா அக்கா. போன வாரம் ஒருத்தன் சைக்கிள் பம்புல அரிசி வச்சிருந்தான், நான் யாரைத்தான் நம்புறது?"

பால் டின்

புகைக்குழாய்க்குள் எலி கூடு கட்டப் பார்த்தது. காலி பால் டின் ஒன்றை எடுத்து, உள்ளே துணியைத் திணித்து, குழாய்மேல் கவிழ்த்து நாலு தட்டுத் தட்டினேன். இனி உள்ளே மழையும் போகாது, எலியும் போகாது. கிளப்பும்போது டின்னை எடுக்க மறக்கக்கூடாதே என்று, பழைய சிவப்புச் சேலைத் துண்டைக் கிழித்து ஸ்டீரிங்கில் கட்டினேன். வீரையா அண்ணனிடமும் சொன்னேன். "சிவப்புத் துணி கண்ணுல பட்டா டின்னை எடுக்கணும், அவ்வளவுதானே தங்கச்சி" என்றார்.

பார்வை நாள்

மழை நின்றதும் சிரம்பானிலிருந்து பெரிய அதிகாரி வேலியைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அன்று எந்திரம் முதல் தடவையிலேயே கிளம்பாவிட்டால் பாக்கியம் பழையபடி காட்டோர மரத்துக்குப் போகட்டும் என்று துரை சொல்லிவிட்டார். அன்று விடிந்ததும் டீசலை நிரப்பி, குழாயில் அடைத்த காற்றை வீரையா அண்ணன் வெளியேற்றி வைத்தார். நான் பேட்டரியை மாட்டிவிட்டு, ஐந்து நிமிஷம் அம்மன் கோயிலுக்குப் போனேன்.

அந்த ஐந்து நிமிஷத்தில் கிராணி கொட்டகையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுக் கொடி நிறத்தில் துணியை யார் கட்டுவார்கள், அதுவும் அதிகாரி வரும் நாளில்? அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் ஓடி வருவதற்குள் அதிகாரி, துரை, துப்பாக்கிக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். துணி கண்ணில் படாததால் வீரையா அண்ணன் டின்னை நான் எடுத்துவிட்டேன் என்று நினைத்துச் சாவியைத் திருப்பினார்.

எந்திரம் முதல் தடவையிலேயே கிளம்பியது. டின் வெடிபோலச் சத்தம் போட்டுப் பறந்து தகரக் கூரையில் அடித்தது. திரும்பிப் பார்த்தேன், ஒருத்தரையும் காணோம். அத்தனை பேரும் லாலானுக்குள் குப்புறப் படுத்துவிட்டார்கள். ஒரு தொப்பிகூட வெளியே தெரியவில்லை.

அதிகாரி எழுந்தார். முகமெல்லாம் சேறு. டின் வைத்தது நான்தான் என்று சொல்லிக் கை கூப்பினேன். காட்டோரப் பாதை கண்முன் வந்து நின்றது. கிராணி சிவப்புத் துணி இருந்த சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டார். அதிகாரி புல்லைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், பிறகு துரையிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். துரை தமிழில் சொன்னார்: "எந்திரம் நல்லா கிளம்புது. பாக்கியம் இங்கேயே இருக்கட்டும். ஆனா இந்தக் கொட்டகை ஏன் வேலிக்கு வெளியே இருக்கு?" கம்பி இல்லை என்று கிராணி முனகினார். உடம்பில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டே பாக் மாட் சொன்னார்: "கம்பி இருக்கு லா துரை. கிராணி வீட்டுக் கோழிக்கூட்டைச் சுத்தி மூணு வரிசை இருக்கு." பொழுது சாய்வதற்குள் அந்தக் கம்பி கொட்டகையைச் சுற்றி வந்துவிட்டது.

என் பிள்ளைகள் இன்று சிரம்பானில் காரை எங்கே நிறுத்துவது என்று புலம்பும்போது நான் சொல்வது இதுதான்: ஒரு பொருள் பத்திரமாக இருக்க எண்ணெயும் பலகையும் பால் டின்னும் மட்டும் போதாது, பெரிய மனுஷர்கள் ஒரு தடவையாவது அதன் பக்கத்துச் சேற்றில் படுத்து எழுந்திருக்க வேண்டும்.