தவமணி ரீச்சரின் கொங்கோப் பாட்டுகள்

தவமணி ரீச்சர் போய்விட்டார்.

இன்று காலை, ஆஸ்பத்திரியில். ரீச்சரின் மகள் போனில் சொன்னபோது கடையைத் திறந்துகொண்டிருந்தேன்... ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு அப்படியே படியில் இருந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக... ரீச்சர் எங்கள் முள்ளியவளைதான். இளவயதில் கணவரோடு சாம்பியாவுக்குக் கணிதம் படிப்பிக்கப் போனவர். செம்புச் சுரங்க நகரம் ஒன்றில் வீடு. எல்லையைத் தாண்டினால் கொங்கோ. அங்கிருந்து வரும் ரும்பா, சுக்கூஸ் இசைத்தட்டுகளைச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் வாங்கிச் சேர்த்தவர்.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது உடுப்பை விட இசைத்தட்டுத்தான் கூட.

என் போன் திருத்தும் கடைக்கு முதன்முதலாக ஓட்டோவில் வந்தார், மடியில் ஒரு ரெக்கோட் பிளேயரோடு. உள்ளே தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் உக்கிப்போயிருந்தது.

"தம்பி, இதுக்கு பெல்ட் எடுக்கேலுமோ?"

"ரீச்சர், இந்தச் சாமானையே நான் இப்பத்தான் கிட்டப் பாக்கிறன்."

சைக்கிள் ரியூப்பில் மெல்லிசாக ஒரு வளையம் வெட்டிப் போட்டேன். தட்டு சுற்றியது. ஆனால் பாட்டு இழுபட்டது. ரீச்சர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் ஓடவேணும் தம்பி. இந்த மனிசன் இவ்வளவு சோம்பேறி இல்லை."

மூன்றாவது வளையத்தில்தான் சரிவந்தது. பாட்டு மெதுவாகப் போய் முடியப்போகிறது என்று நினைத்து ஊசியைத் தூக்கக் கையை நீட்டினேன். ரீச்சர் மறித்தார்.

"பொறுங்கோ. இனித்தான் தொடங்குது."

பாடியவர்கள் ஒதுங்கிக்கொள்ள, கிற்றார்கள் மட்டும் ஓடத் தொடங்கின... பஸ்ஸுக்கு நின்ற சனம் கடை வாசலுக்கு வந்துவிட்டது. மீன்பெட்டியோடு நின்ற ஒருவர் பெட்டி மூடியிலேயே தாளம் போட்டார். என்ன சொல்லிப் பாடுகிறார்கள் என்று ரீச்சரைக் கேட்டேன்.

"எனக்கும் விளங்காது தம்பி. கேக்க நல்லா இருக்கெல்லோ?"

அதன்பிறகு ஞாயிறு பின்னேரங்கள் ரீச்சர் வீட்டில்தான். ஒவ்வொரு தட்டாக லப்டொப்பில் பதிந்து, பேஸ்புக்கில் ஒரு பேஜ் தொடங்கிப் போட்டோம். வாசித்தவர்கள் எல்லோரின் பெயரும் உறையில் உள்ளபடி முழுதாக வரவேண்டும், அது ரீச்சரின் கட்டளை. ஒரு பெயரை நான் விட்டுவிட்டேன் என்று ஒருநாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை!

அப்படித் திரும்பச் சேர்த்த பெயரைத் தேடித்தான் கொங்கோவிலிருந்து ஒரு பெண் பேஜுக்கு வந்தார். பிரெஞ்சில் எழுதியிருந்தார். போனில் மொழிபெயர்த்து ரீச்சருக்கு வாசித்தேன்.

இரண்டாவது கிற்றார் தன் அப்பா என்றும், தான் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் இறந்துவிட்டார் என்றும் எழுதியிருந்தார். பாட்டின் நடுவில் ஒருவர் சிரிப்பது கேட்கும். அது அப்பாதான் என்று அம்மா சொன்னாராம். அவர் குரலைக் கேட்டது இதுதான் முதல் தடவையாம்...

போனைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்ன தம்பி?"

"என்னட்ட என்ர அப்பாவின்ர குரலும் இல்லை ரீச்சர். அக்காவின்ர கலியாண வீடியோவில இருந்தது. கடைசிச் சண்டையில எல்லாம் போயிட்டுது."

ரீச்சர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த வீடியோவை வெளிநாட்டில ஆருக்கும் கொப்பி அடிச்சு அனுப்பினனீங்களோ?"

இத்தனை வருடம் எனக்கு வராத யோசனை. ஜெர்மனியில் மாமி... அந்த இடத்திலேயே போன் எடுத்தேன். "அனுப்பின ஞாபகம் இருக்கு. தேடிப் பாக்கிறன்" என்றார் மாமி.

ரீச்சர் அதற்குள் அலுமாரியைத் திறந்து அந்தத் தட்டை எடுத்துவிட்டார். அதையே அந்தப் பெண்ணுக்கு அனுப்பப்போகிறாராம்.

"பேஜில பாட்டு இருக்குத்தானே ரீச்சர்? தட்டை ஏன் அனுப்புறீங்கள்? துலைஞ்சா திரும்பக் கிடைக்காது."

"அந்தப் பிள்ளையின்ர தகப்பன் இதுக்குள்ள இருக்கிறார். என்ர அலுமாரியில ஏன் கிடக்கவேணும்?"

இரண்டு பலகைத் துண்டுக்கு நடுவில் வைத்து, பழைய சேலை சுற்றித் தைத்துத் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனோம். "உள்ளுக்கு என்ன?" என்று கேட்டார்கள். "பாட்டு" என்றார் ரீச்சர்.

ஒரு மாதம் போனது. இரண்டாவது மாதமும். வந்துசேர்ந்ததா என்று ரீச்சர் ஒருநாளும் கேட்கவில்லை, ஆனால் கடைப்பக்கம் வருவது மட்டும் கூடிவிட்டது...

மூன்றாவது மாதம் வீடியோ கோல் வந்தது. அங்கே வீடு நிறையச் சனம். நடுவில் கதிரையில் அந்தப் பெண்ணின் அம்மா. ஊசியை வைத்தார்கள். சிரிப்பு வரும் இடத்தில் அந்த அம்மா கையை உயர்த்தினார்.

பிறகு கிற்றார் ஓடத் தொடங்க, எழும்பி ஆடினார். பார்த்தால் இங்கே கடைக்குள் ரீச்சரும் எழும்பிவிட்டார்.

"ரீச்சர், முழங்கால்!"

"விடுங்கோ தம்பி."

இரண்டு பேரும் பாட்டு முடியும்வரை ஆடினார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கிழமை மாமியின் மகன் வீடியோவை அனுப்பினான். கீழறையில் ஒரு பெட்டிக்குள் கிடந்ததாம். அப்பா அதில் ஒரே ஒரு இடத்தில்தான் கதைக்கிறார். பந்தலில் யாரையோ மறித்து, "சாப்பிடாமல் போகாதேங்கோ" என்கிறார்.

அவ்வளவுதான். என் பிள்ளைகள் அப்பப்பாவின் குரலை முதன்முதலாகக் கேட்டார்கள்.

ரீச்சருக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். "உங்கட குரல்தான் தம்பி" என்றார்.

நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டில் கிரியை. பேஜில் பாட்டுக் கேட்ட எல்லோரும் வரலாம் என்று மகள் சொல்லச் சொன்னார்.

ரீச்சர்... பெரிய நன்றி.

ஆறுதலாப் போங்கோ.