மணிமொழியைக் கேட்டுச் செய்யும் இயந்திரம்

மணிமொழிக்கு என்ன வேலை என்று அடி அண்ணாமலையில் யாரைக் கேட்டாலும், "கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துனு இருக்கும்" என்பார்கள். அவள் மாமியார் பாஞ்சாலைக்கு அந்தத் தெளிவும் கிடையாது. உண்மையில், சென்னைக் கம்பெனி ஒன்றின் வேலையெல்லாம் ஓடும் சர்வர் கம்ப்யூட்டர்களை அவள் வீட்டிலிருந்தே காவல் காக்கிறாள். ஏதாவது ஒன்று படுத்துவிட்டால் எழுப்பிவிட வேண்டும்.

முன்பெல்லாம் அந்தக் கம்பெனியில் ஒரு மாடி நிறைய சர்வர்கள், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு படையே ஆட்கள். பிறகு எல்லாவற்றையும் வாடகைக்கு இடம் தரும் ஒரு பெரிய டேட்டா சென்டருக்கு மாற்றினார்கள். மாடி காலி, ஆட்களும் காலி. மிஞ்சியது மணிமொழியும் கூட வேலை பார்த்த ரேவதியும்தான். போன வருடம் ஒரு ஏஐ இயந்திரம் வந்து சேர்ந்தது. சர்வருக்கு என்ன நோய் என்று கண்டுபிடித்து மருந்தும் அதுவே சொல்லும். ஆனால் தானாகக் கை வைக்காது. "செய்யலாமா?" என்று திரையில் கேட்கும், மணிமொழி "சரி" என்று அமுக்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, மரியாதை தெரிந்த இயந்திரம். அது வந்த கொஞ்ச நாளிலேயே ரேவதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று பிடித்த பயம் மணிமொழியை விடவில்லை. சோறு இறங்காத பயம். கணவன் மாறன் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை வைத்திருக்கிறான்; வியாபாரம் என்று சொன்னால் பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான். வீடு ஓடுவது இவள் சம்பளத்தில். "சரி" சொல்லத் தாமதமானால் மேலாளர் விமல்ராஜுக்குப் புகார் போகும் என்பதால், குளிக்கப் போனாலும் லேப்டாப்பைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டுத்தான் போவாள்.

அவளுக்கு எமன் பௌர்ணமிதான். லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றும்போது செல்போன் சிக்னல் செத்துப்போகும். வயரில் வரும் இன்டர்நெட்டாவது நிற்குமா என்றால், அன்னதானப் பந்தல் போடுகிறவர்கள் கம்பத்தில் கயிறு கட்டி இழுக்கிற இழுப்பில் அதுவும் அறுந்துவிடும். புண்ணியம் செய்கிறவர்களை எப்படித் திட்டுவது? அதனால் முதல் நாளே போளூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள்.

இந்த மாதம் போக முடியவில்லை. மகள் கவிநிலாவுக்குக் காய்ச்சல். பௌர்ணமியன்று காலையிலேயே பந்தல்காரர்கள் ஏணியோடு வந்து இறங்கிவிட்டார்கள்.

விமல்ராஜிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், உங்கள் ஊரில் மாதாமாதம் இந்தக் கதைதானா என்று கேட்பாரே என்று பயந்தாள். இயந்திரத்தில் "கேட்காமலே செய்" என்று ஒரு பொத்தான் உண்டு. இதுவரை யாரும் தொட்டதில்லை. மறுநாள் காலைவரை என்று குறித்து அதை அமுக்கிவிட்டாள்.

மத்தியானம் இணைப்பு அறுந்தது. இயந்திரம் ஏடாகூடமாக எதையாவது நிறுத்திவிட்டால் இவள் தலைதான் உருளும். குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே, "அண்ணாமலையாரே, ஒண்ணும் ஆவக்கூடாது" என்று வேண்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் இணைப்பு வந்ததும் பதறிப்போய்த் திறந்து பார்த்தாள். பெரிய சர்வர் ஒன்று படுத்திருக்கிறது. இயந்திரமே எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. ஒரு குறையும் இல்லை. போன உயிர் திரும்பியது. மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்போதுதான் விமல்ராஜ் போனில் கூப்பிட்டார்.

"மணிமொழி, கேட்காம செய்யட்டும்னு போட்டது நீங்கதானே?"

"ஆமா சார். இங்க நெட் போயிடும்னு பயந்துட்டு..."

"அய்யோ, பயமெல்லாம் எதுக்கு? சூப்பர்! யாரும் பாக்காமலே சமாளிச்சிருக்கு பாருங்க. மேலிடத்துல ரொம்ப நாளா இதைத்தான் கேக்கறாங்க, எனக்குத்தான் தைரியம் வரல. உங்க பேரைப் போட்டே மெயில் அனுப்பிட்டேன். இனிமே அப்படியே விட்டுடலாம்."

"சரிங்க சார்" என்றாள். அவளுக்குப் பழகிப்போன வார்த்தை அது.

விற்காமல் நின்ற இளநீரில் ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு மாறன் உள்ளே வந்தான்.

"என்னாவாம் உங்க சாருக்கு?"

"பாராட்டுனாருங்க."

"அப்புறம் ஏன் லேப்டாப்பை மூடி வெச்சுட்டு உக்காந்துனு இருக்க?"

"இனிமே அது என்னை ஒண்ணும் கேக்காதுங்க."