ஒரே வால்யூம், இரண்டு வருடம்

பட்டாசுப் புகை பற்றிய என் கட்டுரையை, மேற்கோள் பட்டியல் முறைப்படி இல்லை என்று ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. ஒரு வாரம்தான் கெடு. சிவகாசியில் காலண்டர் டைப் செய்யும் கடையொன்றில் பட்டியலை முறைப்படி டைப் செய்யக் கொடுத்தேன். அங்கிருந்த ஒல்லியான பெண்மணி, திரையில் வரிவரியாக விரல் வைத்துப் பார்ப்பவர். ஓரிடத்தில் விரல் நின்றது.

“சார், ஒரே பத்திரிகை, ஒரே வால்யூம் நம்பர். அங்கன ஒரு வருசம், இங்கன ஒரு வருசம் போட்டிருக்கீக. எது சரி?”

“இங்கிலீஷ் நல்லா படிப்பீங்களா?”

“எழுத்துக்கூட்டித்தான் சார். காலண்டர்ல தேதியும் கெழமையும் பொருந்துதான்னு பார்ப்போம்ல, அப்படித்தான்.”

மதுரை நூலகத்தில் சரிபார்த்தேன், தவறு என்னுடையதுதான். திருத்தி அனுப்பினேன், கட்டுரை வெளியானது.

அதே தவறு என் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் இருக்கிறது. மூன்று பேராசிரியர்கள் படித்துக் கையெழுத்திட்ட ஆய்வேடு அது.