பாதிப் படத்தில் போட்ட ஸ்லைடு

இன்று சூலக்கரையிலிருந்து சிவகாசி திரும்பும் பேருந்து, இடித்துக்கொண்டிருக்கும் பழைய தியேட்டர் முன்னால் நின்றது. அதைப் படம் பிடித்து, ‘இங்கே நீங்கள் பார்த்த படம் எது?’ என்று முகநூலில் போடலாமெனப் போனை எடுத்தேன்.

பக்கத்து இருக்கை அக்காவிடமே முதலில் கேட்டுவைத்தேன்.

“மூணு படத்துக்கு வந்திருக்கேன். ரெண்டு பாதியிலயே போச்சு. பட்டாசுக் கம்பெனி எதுவும் வெடிச்சா, படத்தை நிறுத்திட்டு, கம்பெனி பேரை எழுதி ஸ்லைடு போடுவாக. நம்ம சனம் வேலை பாக்குற கம்பெனின்னா எந்திரிச்சு ஓடணும்.”

“மூணாவது படம்?”

“அன்னைக்கும் ஸ்லைடு போட்டாக. வெடிச்சது நாரணாபுரத்துல எங்க வீட்டுக்காரரு வேலை பாத்த கம்பெனி. அவசரத்துல பக்கத்துக் கம்பெனி பேரை எழுதிட்டாக. நம்மது இல்லன்னு நிம்மதியா உக்காந்துட்டேன். காமெடிக்குச் சிரிக்கக்கூடச் செஞ்சேன். படம் விட்டு வெளிய வந்தா, வாசல்ல எங்க மாமனாரு அழுதுக்கிட்டு நிக்காரு.”

பேருந்து கிளம்பியது. அவர் இடிபாட்டைப் பார்க்காமல் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

“முழுசாப் பாத்தது அந்த ஒரு படந்தான்.”

என்ன படம் என்று நான் கேட்கவில்லை. நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா?