பாமினியில் அடித்த வினாத்தாள்

பல்கலைக்கழகத்தில் முதல் வருடப் பிள்ளைகளுக்குக் கணினித் திறன் படிப்பிக்கிற சுதாகரன் நான்தான். மீன்பிடி ஊரான கதிரவெளியில் எங்கட ஆட்கள் என்னைக் 'கொம்பியூட்டர் எஞ்சினியர்' என்று சொல்லித் திரிகிறார்கள். வலை வீசத் தெரியாதவனுக்கு அப்படியொரு பட்டமாவது வேணுமே.

ஒவ்வொரு வருடமும் என் முதல் பாடம் ஏச்சுத்தான்.

"பாமினி எழுத்துருவில அடிக்காதீங்க! அது இல்லாத கணினியில திறந்தால் தமிழெல்லாம் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாப் போகும். யூனிகோட்டில அடிங்க!"

போன மாதம் பிரஷாந்தி என்ற பிள்ளை அடித்துத் தந்த பாட ஒப்படையைப் பாமினியில் இருந்ததற்காகவே வாசிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு அது பெரிய வெற்றி மாதிரி இருந்தது.

ஆனால் என் விரல்கள் வாழைச்சேனையில் ஒரு கடையில் மரண அறிவித்தல் அடித்துப் பழகினவை. அவற்றுக்குப் பாமினியை விட்டால் வேறு கதியில்லை. சோதனை வினாக்களையும் வீட்டிலிருந்து அதில்தான் அடித்தேன்.

சோதனையன்று கணினிக் கூடத்துப் பெரிய திரையில் வினாத்தாளைத் திறந்தேன். மருந்துக்கும் ஒரு தமிழ் எழுத்து இல்லை. முழுக்க இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. வியர்த்துக்கொண்டே முதல் வினாவை நினைவிலிருந்து வாயால் சொன்னேன்.

"யூனிகோட்டில் அடிக்காவிட்டால் என்ன நடக்கும்? உதாரணத்துடன் விளக்குக."

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். பிரஷாந்தி எழும்பினாள்.

"உதாரணத்தை நீங்களே தந்திட்டீங்க சேர். விளக்கம் மட்டும் எழுதினால் போதுமா?"