முதுகில் மூன்று கோடு

பிளேடக்காவுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது வேலைதான். ரப்பர் தொழிற்சாலையில் அச்சு வழியாகச் சூடாக நீண்டு வரும் பட்டையைச் சவர பிளேடால் குறுக்கே சீவி, வெட்டு முகத்தைப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்பவள் அவள். கார் கதவின் இடுக்கை அடைக்க ஒரு வடிவம், குளிர்பெட்டிக் கதவுக்கு இன்னொன்று. வாயும் லேசுப்பட்டதில்லை, கையும் லேசுப்பட்டதில்லை. குடித்துவிட்டுக் கை ஓங்கிய புருஷனை இரும்புச் சட்டியால் மண்டையிலேயே போட்டு, வாசலோடு அனுப்பி வைத்தவள். அந்த ஆள் அதற்கப்புறம் தலை காட்டவில்லை. தனி மனுஷியாக மகளை வளர்த்து, அதே தொழிற்சாலையில் மெஷின் ஓட்டும் ஒரு சாதுப் பையனுக்குக் கட்டிக் கொடுத்தாள். அங்கேதான் ஏமாந்துபோனாள்.

வீட்டுக்கு வந்திருந்த மகளுக்கு அன்று காலையில் முதுகு தேய்த்துவிடப் போனாள். தோள் முதல் இடுப்பு வரை கன்றிப்போய்க் கிடந்தது. ஒவ்வொரு தழும்பிலும் மூன்று கோடு. ஓரத்தில் இரண்டு தடிப்பு, நடுவில் ஒரு மெலிசு. குளிர்பெட்டிப் பட்டையின் அடிப்பக்கம் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். அதை ஓட்டுவது மருமகனின் மெஷின் மட்டும்தான்.

"என்னடி இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேம்மா."

"எந்தக் கதவுடி கழுத்த சுத்தி இடிக்கும்?"

கழுத்திலும் இருந்தது. பாவி, இறுக்கிப் பார்த்திருக்கிறான்.

"சாயங்காலம் அவர் கூட்டிட்டுப் போக வராரு. வம்பு பண்ணாதம்மா. நான் போகணும்."

இனி அனுப்பினால் பிணமாகத்தான் திரும்புவாள் என்று தாய்க்குத் தெரிந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பினாள்.

மருமகன் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தான். பட்டை தண்ணீர்த் தொட்டிக்குள் வழுக்கி ஓடிக்கொண்டிருந்தது. நேராகவே கேட்டாள். அவன் சிரித்தான்.

"ரப்பர்தானே அத்தை. எலும்பு முறியாது, ரத்தம் வராது. இங்க பாதிப் பேரு வீட்ல ஒண்ணு வெச்சிருக்கான்."

தொட்டிக்குள் கையை விட்டு, பிளேடால் பட்டையை ஒரு முழத்துக்கு மேல் அறுத்தெடுத்தாள். முதல் அடியிலேயே அவன் புருவம் பிளந்தது.

"ரத்தம் வராதுன்னியேடா."

அடுத்தது வாயில், அதற்கடுத்தது காதில். அவன் அவள் தலைமுடியைப் பிடித்து மெஷின் சட்டத்தில் மோதினான். முன்பல் ஒன்று தரையில் விழுந்தது. இன்னொரு முறை மோத இழுத்தபோது பிளேடு அவன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இறங்கியது. யாரோ மெஷினை நிறுத்தினார்கள். நாலு பேர் சேர்ந்துதான் அவளைப் பிரிக்க முடிந்தது.

காவல் நிலையத்தில் மருமகன் கட்டுப் போட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவளைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். சேதி கேட்டு ஓடி வந்த மகள் அம்மாவின் ரத்த வாயைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகச் சொன்னார். "உங்கம்மா மேல கேஸ் போட்டாச்சு. நீ புருஷன் கூட வீட்டுக்குப் போம்மா. குடும்பம்னா நாலும்தான் இருக்கும்."

"போறேன் சார்," என்றாள் மகள். குரல் நடுங்கவே இல்லை. "ஆனா எங்கம்மா பக்கத்துல எனக்கும் ஒரு இடம் போட்டு வைங்க. அவர் தூங்கினதும் கழுத்த அறுத்துட்டு நானே வந்துடறேன்."

மருமகன் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டான். வீட்டுக்குக் கூப்பிடவில்லை.