ஜெனூபா பயந்த பதினாறு நாட்கள்

கலியாணம் முடிந்து ஒன்பதாவது வருடத்தில்தான் ஜெனூபாவுக்கு ஸாஜித் பிறந்தான். கல்முனைக்குடியில் வீட்டிலிருந்தே அபாயா தைக்கிறவள் அவள். வாசலில் வந்து நிற்கும் பெண்ணைப் பார்த்தவுடனே தோள் அகலம் சொல்லிவிடுவாள். அளவு நாடா எடுப்பது வந்தவளின் திருப்திக்காகத்தான். கணவன் நளீம் ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போகிறவன். போனால் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குக் கரை இல்லை. ஆகவே பிள்ளையோடு அவள் பெரும்பாலும் தனியேதான் இருந்தாள். இரண்டு தெரு தள்ளியிருந்த அவளது மூத்த சகோதரி சுல்பிகா ராத்தா பகலில் வந்து சமைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

முதல் கிழமையிலிருந்தே பிள்ளை பாலைக் கக்கினான். குடித்து முடித்ததும் கடைவாயில் வழியும். சில வேளை ஜெனூபாவின் தோள் முழுக்க நனையும்.

"கக்குற புள்ளதான் கொழுக்கும்" என்று சுல்பிகா சிரித்தாள். "என்ட நாலும் இப்பிடித்தான்."

ஜெனூபாவும் அதை நம்பினாள், முப்பத்தாறாம் நாள் காலை வரை.

அன்று பால் கொடுத்துவிட்டுப் பிள்ளையைச் சேலையில் கட்டிய ஏணையில் கிடத்தினாள். அடுப்பை நிறுத்திவிட்டு வர ஒரு நிமிடம் ஆகியிருக்காது. திரும்பி வந்து சேலைத் துணியை விலக்கிப் பார்த்தால், வாயாலும் மூக்காலும் பால் வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. கண்கள் அகன்றிருந்தன, வாய் திறந்திருந்தது, முகம் கறுத்துச் சிவந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை.

சுனாமி வந்தபோது ஜெனூபாவுக்குப் பதினொரு வயது. மூக்கும் வாயும் நிறைந்துபோய், மூச்சை இழுக்க நினைத்தும் இழுக்க முடியாத அந்த நொடிகளை அவள் உடம்பு மறந்ததில்லை. அவளை யாரோ தலைமயிரில் பிடித்து இழுத்துப் போட்டார்கள். உம்மா கிடைக்கவில்லை. இப்போது அதே திணறலை மகனின் முகத்தில் கண்டாள்.

எப்படித் தூக்கினாள், எப்படிச் சரித்துப் பிடித்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. பால் கீழே வடிந்தது. பிள்ளை ஒருமுறை இருமினான், பிறகு வீரிட்டு அழுதான். வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினாள்.

"றஊப் காக்கா! புள்ளைக்கு மூச்சு நிண்டுட்டு!"

பக்கத்து வீட்டு றஊப் ஓட்டோவை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிள்ளை அழுது முடித்துத் தூங்கியிருந்தான். டொக்டர் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டார், கால் விரலில் ஒரு சிறு விளக்கை மாட்டிப் பார்த்தார், சில மணி நேரம் வைத்திருந்து கவனித்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, பால் எதுக்களித்திருக்கிறது என்றார். இன்னும் பலதைச் சொன்னார். ஜெனூபாவின் காதில் ஏறியது ஒன்றுதான்: பால் குடித்தவுடன் கிடத்த வேண்டாம்.

அன்று முதல் அவள் பிள்ளையைக் கீழே வைப்பதே அரிது. தையல் இயந்திரம் மூடியே கிடந்தது. பிள்ளையைத் தோளில் போட்டபடி சோறு தின்றாள். சுல்பிகா குளிக்கச் சொன்னால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு வாளி ஊற்றிவிட்டு ஓடி வந்தாள். "குப்புறப் போட்டுப் பாரு, பால் கீழால போயிரும்" என்றாள் சுல்பிகா. அப்படியும் இரண்டு நாள் போட்டு, முதுகில் கை வைத்தபடி குந்தியிருந்தாள்.

ஆனால் ராத்தாவிடம் சொல்லாத ஒன்றும் இருந்தது. வயிறு நிறைந்தால்தானே மேலே வரும் என்று அவள் நினைத்தாள். பிள்ளை நாலு வாய் குடித்ததும் மார்பிலிருந்து பிரித்தெடுக்கத் தொடங்கினாள். அவன் அழுதான். தோளில் போட்டுத் தட்டினாள், கூடவே அழுதாள். சில நாட்களில் அழுகை குறைந்தது. கக்குவதும் குறைந்தது. பிள்ளை நீண்ட நேரம் தூங்கினான். அல்ஹம்துலில்லாஹ், சுகமாகிவிட்டது என்று அவள் நினைத்தாள்.

ஐம்பத்திரண்டாம் நாள், அந்தப் பகுதியின் மருத்துவமாது கஜனி ஸ்கூட்டரில் வந்தாள். காரைதீவுக்காரி. பிள்ளையைத் தராசில் போட்டாள். பிள்ளையின் நிறை குறித்த அட்டையைப் பார்த்தாள். மறுபடியும் போட்டாள்.

"ஆஸ்பத்திரியில நிறுத்தது நாலு கிலோ நூறு. இப்பயும் நாலு நூறுதான். பதினாறு நாளா ஏறவேயில்ல" என்றாள். "ஒரு நாளைக்கு எத்தின தரம் நனைக்கிறார்?"

"முந்தி எட்டு ஒம்பது தரம் மிஸ். இப்ப மூணு தரம் இருக்கும்."

"எனக்கு முன்னால ஒருக்காப் பால் குடுங்க பாப்பம்."

ஜெனூபா கொடுத்தாள். பிள்ளை ஆவலோடு பற்றிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவள் சுண்டுவிரலை வாயோரம் நுழைத்துப் பிரித்தெடுத்தாள். பிள்ளை வாயைத் திறந்து திறந்து தேடினான்.

"ஏன் எடுத்தீங்க?"

ஜெனூபா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"ஜெனூபா, அவருக்கு இன்னும் பசி. ஏன் எடுத்தீங்க?"

"கூடக் குடிச்சா மூக்கால வரும் மிஸ். மூச்சு நிண்டுரும். எனக்குப் பாக்க ஏலா."

கஜனி திட்டவில்லை. ஆனால் அவள் முகம் மாறியதை ஜெனூபா கண்டாள். "புள்ள தூங்குறது சுகத்துல இல்ல, களைப்புல. இண்டைக்கே வார்டுக்குப் போகணும். நானும் வாறன்" என்றாள்.

ஓட்டோவில் போகும்போது ஜெனூபாவுக்கு வந்த பயம் முந்தைய எல்லாப் பயத்தையும் விடப் பெரிது. பால் அடைத்துச் சாகக்கூடாது என்று காத்த பிள்ளையைத் தன் கையாலேயே பட்டினி போட்டிருக்கிறாள்.

வார்டில் இரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள். கிருமி எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கான டொக்டர் நடுத்தர வயதுப் பெண். கட்டிலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். கக்குவது பச்சையாக இருந்ததா? இரத்தம் தெரிந்ததா? பீய்ச்சியடித்ததா? காய்ச்சல் இருந்ததா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள் ஜெனூபா. இனி இதில் ஒன்றைக் கண்டாலும் உடனே கொண்டுவர வேண்டும் என்றார் டொக்டர்.

"சாப்பாட்டுக் குழாயும் இரைப்பையும் சேருற இடம் இவருக்கு இன்னும் இறுகல்ல. அதால பால் திரும்பி வருது. வளர வளரச் சரியாகும், அனேகமா ஒரு வயசுக்குள்ள. நிறை ஏறினா இதுக்கு மருந்து தேவையில்ல. பால் தேவை."

பசி தீரக் கொடுக்க வேண்டும். இடையில் நிமிர்த்தி ஏப்பம் எடுக்க வேண்டும். முடிந்ததும் அரை மணி நேரம் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். தூங்க வைப்பது மட்டும் மட்டமான இடத்தில், மல்லாக்க. குப்புறவும் வேண்டாம், தலையணையும் வேண்டாம், ஏணையும் வேண்டாம்.

"மல்லாக்கவா?" ஜெனூபா பிள்ளையை நெஞ்சோடு அணைத்தாள். "கக்கினா அடைச்சிராதா டொக்டர்?"

"மல்லாக்கக் கிடந்தாலும் புள்ளைகள் முழுங்கியோ இருமியோ வெளியால எடுத்துருவாங்க. குப்புறப் போடுறதுதான் ஆபத்து."

அன்று பின்னேரம் முதல் முழுப் பால். கஜனி போய்விட்டாள், தாதி பக்கத்தில் நின்றாள். பிள்ளை விழுங்கும் ஒவ்வொரு மிடறையும் ஜெனூபா எண்ணினாள். எடுத்துவிடு என்று கை சொன்னது. எடுக்கவில்லை. பிள்ளை தானாகவே விட்டான். நெஞ்சோடு நிமிர்த்தினாள். ஐந்து நிமிடத்தில் பால் மேலே வந்தது, வாயால், பிறகு மூக்கால்.

"மிஸ்! எடுங்க, புள்ளைய எடுங்க!"

தாதி கையை நீட்டவில்லை. "நீங்களே செய்ங்க. பக்கவாட்டுல சரிங்க. ஓம், அப்பிடித்தான். துடைங்க."

சரித்தாள். துடைத்தாள். பிள்ளை தும்மினான். கோபத்தோடு அழுதான். பிறகு அவளைப் பார்த்தான். ஜெனூபாவுக்குத்தான் மூச்சு வர நேரம் எடுத்தது.

ஐந்து நாள் வார்டில் இருந்தார்கள். அடுத்த இரண்டு கிழமையில் முந்நூற்றைம்பது கிராம் ஏறியது. கரைக்கு வந்த நளீம் விஷயம் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "எனக்கு ஒண்டுமே தெரியாமப் போயிட்டே புள்ள" என்று மட்டும் ஜெனூபாவிடம் சொன்னான். அடுத்த பயணத்துக்கு அவன் போகவில்லை. பால் முடிந்ததும் அரை மணி நேரம் நிமிர்த்திப் பிடிப்பது அவன் வேலையானது. ஜெனூபா இயந்திரத்தைத் திறந்தாள்.

பயம் போய்விட்டதென்று சொல்ல முடியாது. நாலாம் மாதத்தில் ஒருநாள் கக்கிய துணியில் பச்சைக் கறையைக் கண்டு, துணியையும் பிள்ளையையும் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டொக்டர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அது அபாயா ஓரத்துக்கு வெட்டிய துண்டு, அதன் பச்சை நூலின் சாயம் பாலில் கசிந்திருந்தது.

ஜெனூபா வெட்கத்தில் குனிந்தாள்.

"வந்தது சரி. பச்சை எண்டா இப்பிடித்தான் ஓடி வரணும்" என்றார் டொக்டர்.

ஸாஜித் உட்காரப் பழகினான், கஞ்சி தின்றான், சுவரைப் பிடித்து நடந்தான். ஒரு வயது முடிந்த பிறகு கஜனி அட்டையை நிரப்பும்போது, கக்குவது எப்போது நின்றது என்று கேட்டாள். ஜெனூபா நளீமைப் பார்த்தாள். நளீம் சுல்பிகாவைப் பார்த்தான். மூன்று பேருக்கும் தெரியவில்லை.

"ஒம்பதாம் மாசமா இருக்கும்" என்றாள் ஜெனூபா. "இல்லாட்டிப் பத்தாம் மாசம். நான் கவனிக்கல்ல மிஸ்."